உயிருள்ள சுண்டெலியில் கட்டியின் ஒளியை அளப்பது எப்படி

எங்கள் நிறுவனத்தில் விலங்கு இமேஜிங் அறை என் பொறுப்பில் இருக்கிறது. புதிதாக பிஎச்டி சேர்ந்த மாணவர்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி, "மேடம், மெஷின் எப்போ ஃப்ரீ?" என்பதுதான். மெஷின் கிடைப்பது பெரிய பாடில்லை. மயக்கிய எலியைக் கருப்புப் பெட்டிக்குள் படுக்க வைத்துப் படமெடுக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு முந்தைய வாரங்களில் செய்த வேலை சரியில்லையென்றால் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைப்பது வெறும் வண்ணப்படம். அதிலிருந்து எண்ணை எடுத்துப் போன வாரத்து எண்ணோடு ஒப்பிட முடியாது. அதனால் இந்தக் குறிப்பில் கேமராவுக்குக் கொஞ்ச இடம்தான், மற்றவற்றுக்குத்தான் அதிகம்.

புற்றுநோய்ச் செல்லுக்குள் ஒளி தரும் புரதத்தை வைத்து, அந்த ஒளியை எலிக்கு வெளியிலிருந்து கேமராவால் அளப்பதுதான் இந்த முறை. உதாரணத்துக்கு 4டி1 செல்களை எடுத்துக்கொள்கிறேன். பால்ப்-சி வகைச் சுண்டெலியின் மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் இவை. மார்பகக் கொழுப்புத் திட்டில் செலுத்தினால் அங்கே கட்டி வளர்வதோடு நிற்காது; தானாகவே நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று பரவும். பரவுவதை எலியைக் கொல்லாமல் பின்தொடர வேண்டும் என்பதுதான் இந்த இமேஜிங்கின் முழு நோக்கமும். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தொகுதி எலிகளைக் கொன்று நுரையீரலை வெளியே எடுத்து எண்ண வேண்டியிருந்தது. இப்போது அதே எலியை வாராவாரம் பார்க்கலாம். எலியின் எண்ணிக்கையும் குறைகிறது, ஒவ்வொரு எலியும் தனக்குத்தானே ஒப்பீடாகவும் அமைகிறது.

மின்மினியா, ஜெல்லிமீனா?

செல்லுக்குள் அடையாளமாக வைக்கும் ஒளிப் புரதங்கள் இரண்டு குடும்பம். ஒன்று, மின்மினியின் லூசிஃபெரேஸ் போன்ற நொதிகள். லூசிஃபெரின் என்ற பொருளை வெளியிலிருந்து கொடுத்தால், ஆக்சிஜன், ஏடிபி (உயிருள்ள செல்லின் ஆற்றல் மூலக்கூறு), மக்னீசியம் மூன்றும் இருக்கும் இடத்தில் இது ஒளியை உண்டாக்கும். இது பயோலூமினசென்ஸ். இன்னொன்று, ஏக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனிலிருந்து வந்த ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதமும் அதன் வகையறாக்களும். இவை தாமாக ஒளிராது. ஒரு நிற ஒளியைப் பாய்ச்சினால் அதை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் திருப்பித் தரும். இது ஃப்ளோரசென்ஸ்.

ஜிஎஃப்பியின் கதை எல்லோருக்கும் தெரியும். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, ட்சியன் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. மின்மினியின் கதை அவ்வளவு பேசப்படவில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்கெல்ராய், பால்டிமோர் நகரத்துச் சிறுவர்களிடம் நூறு மின்மினிக்கு 25 சென்ட் கொடுத்து வாங்கி, அவற்றின் வால்களை அரைத்து ஆராய்ந்தார். அந்த ஒளிக்கு ஏடிபி தேவை என்று 1947இல் அவர் காட்டினார். 1985இல் லூசிஃபெரேஸ் மரபணு தனியாகப் பிரிக்கப்பட்டது. 1995இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கான்டாக் குழு, ஒளிரும் சால்மோனெல்லா பாக்டீரியாவை உயிருள்ள எலிக்கு வெளியிலிருந்தே படமெடுத்தது. இன்று நம் அறையில் நிற்கும் ஐவிஸ் இயந்திரம் அந்த வழியில் வந்ததுதான். மெக்கெல்ராயின் அந்த ஏடிபி விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். கட்டி பெரிதாகும்போது அதன் அருமை தெரியும்.

இரண்டில் எது? உடம்புக்குள்ளிருந்து ஒளி வெளியே வர வேண்டும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இருட்டறையில் கைபேசி டார்ச்சின் மேல் விரலை வைத்துப் பாருங்கள், விரல் சிவப்பாகத் தெரியும். வெள்ளை ஒளியில் இருந்த நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிட்டது. ஏறத்தாழ 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்புதான் தப்பி வருகிறது. எலிக்குள்ளும் இதே கதைதான். மின்மினி லூசிஃபெரேஸின் ஒளி அறை வெப்பத்தில் மஞ்சள் கலந்த பச்சை. எலியின் உடல் வெப்பமான 37 டிகிரியில் உச்சம் சிவப்புப் பக்கம் நகர்ந்து 610 நானோமீட்டர் அருகே வந்துவிடுகிறது. நமக்கு இது பெரிய அதிர்ஷ்டம். ஜிஎஃப்பி ஒளிர்வது 509 நானோமீட்டரில், பச்சையில். தோலுக்கு அடியில் இருந்தால் தெரியும், நுரையீரலுக்குள் இருந்தால் மறந்துவிடலாம்.

"நேனோலூக் ரொம்பப் பிரகாசமாமே?" என்று கேட்பார்கள். அது இன்னொரு லூசிஃபெரேஸ். பிளேட்டில் வைத்துப் பார்த்தால் உண்மைதான். ஆனால் அதன் ஒளி 460 நானோமீட்டர், சுத்த நீலம். திசுவுக்குள் போனால் பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஆழமான இடத்தில் மிகக் குறைந்த செல்களைத் தேடுகிறீர்கள் என்றால், 2018இல் ஜப்பானில் மியாவாகி குழு வெளியிட்ட அகாலூக் (நொதி), அகாலூமின் (அதற்கான லூசிஃபெரின்) ஜோடியைப் பாருங்கள். 650 நானோமீட்டர் அருகே ஒளிரும். பெரும்பாலான வேலைகளுக்குப் பழைய மின்மினியே போதும். பாலூட்டிச் செல்லுக்கு ஏற்றபடி மரபணு எழுத்துகளைத் திருத்திய லூக்2 வடிவத்தை வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் பின்னணி. எலியின் உடம்பு தானாக ஒளியை உண்டாக்குவதில்லை, அதனால் லூசிஃபெரேஸ் படத்தில் பின்னணி ஏறத்தாழ பூஜ்யம். ஃப்ளோரசென்ஸில் அப்படியில்லை. நாம் பாய்ச்சும் ஒளிக்குத் தோல், முடி, குடலில் கிடக்கும் தீவனம் எல்லாமே பதில் சொல்லும்.

என் பரிந்துரை: இரண்டையும் ஒரே கட்டமைப்பில் வையுங்கள். லூக்2, நடுவில் டி2ஏ என்ற பிரிப்புத் துண்டு, அப்புறம் டிடிடொமேட்டோ அல்லது எம்செர்ரி என்ற சிவப்பு ஃப்ளோரசென்ஸ் புரதம். மரபணுவை இயக்கும் டிஎன்ஏ துண்டான ஒரே புரொமோட்டரிலிருந்து இரண்டு புரதங்களும் தனித்தனியாக வரும். சிவப்பு ஃப்ளோரசென்ஸை வைத்து செல்களைச் சார்ட்டர் இயந்திரத்தில் பிரித்தெடுக்கலாம், கடைசியில் நுரையீரல் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். உயிரோடு இருக்கும்போது பார்ப்பதற்கு லூசிஃபெரேஸ்.

அனுமதி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விலங்கு வேலை எதுவானாலும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு படிவம் பி-யைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேலே மத்திய அரசின் சிசிஎஸ்ஈஏ குழு, முன்பு சிபிசிஎஸ்ஈஏ என்று அழைக்கப்பட்டது. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லென்டிவைரஸ் வைத்து மரபணு மாற்றம் செய்வதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வேண்டும். இரண்டும் கைக்கு வராமல் உறைந்த செல்லை உருக்கக்கூட வராதீர்கள். எத்தனை முறை மயக்கம் கொடுப்பீர்கள், கட்டி எந்த அளவைத் தாண்டினால் எலியைக் கருணைக்கொலை செய்வீர்கள், எடை எவ்வளவு குறைந்தால் நிறுத்துவீர்கள் என்று படிவத்தில் எழுதியிருப்பீர்கள் அல்லவா, அதை அச்செடுத்து இமேஜிங் அறைச் சுவரில் ஒட்டச் சொல்வேன். ஆர்வத்தில் இன்னும் ஒரு வாரம் பார்ப்போமே என்று இழுப்பவர்களுக்காக.

செல்லைத் தயார் செய்வது

லென்டிவைரஸ் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு செல்லுக்கு ஒரு வைரஸ் நுழைந்தால் போதும். அதிகம் ஒளிரட்டும் என்று நிறையப் போட்டால் மரபணுவில் பல இடங்களில் போய் உட்காரும், செல்லின் குணமே மாறலாம். புரொமோட்டர் சிஎம்வி வேண்டாம். முதல் மாதம் பளிச்சென்று இருந்துவிட்டு நாளாக நாளாக அமுங்கிப்போகும் பழக்கம் அதற்கு உண்டு. ஈஎஃப்1 ஆல்ஃபா நம்பகமானது.

பியூரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து, மரபணு நுழைந்த செல்களை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகு, ஒற்றைச் செல்லிலிருந்து குளோன் எடுக்கலாமா, மொத்தக் கூட்டத்தையும் வைத்துக்கொள்ளலாமா? குளோன் எடுத்தால் எல்லாச் செல்லும் ஒரே அளவில் ஒளிரும், கணக்கு சுலபம். ஆனால் 4டி1 என்பதே பலவகைச் செல்கள் கலந்த கூட்டம். அதில் நீங்கள் பிடித்த ஒன்று பரவும் குணமே இல்லாததாக இருக்கலாம். நான் கூட்டம் கட்சி. சார்ட்டரில் நடுத்தரப் பிரகாசமுள்ள செல்களை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூன்று சோதனை. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்பது முதலாவது. விலங்குக்கூடத்துக்குள் தொற்றைக் கொண்டுவந்தால் உங்கள் ஆய்வு மட்டுமல்ல, பக்கத்துக் கூண்டுக்காரர் ஆய்வும் போய்விடும். இரண்டாவது, மாற்றிய செல்லும் மூலச் செல்லும் ஒரே வேகத்தில் வளர்கின்றனவா என்பது. தட்டிலும் பாருங்கள், சில எலிகளிலும் பாருங்கள். மூன்றாவது, செல் எண்ணிக்கைக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு. கருப்பு 96 குழித் தட்டில் பாதி பாதியாகக் குறைத்துச் செல்களை இட்டு, மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் லூசிஃபெரின் விட்டு, அதே ஐவிஸில் படமெடுங்கள். நேர்கோடு வர வேண்டும். அந்தக் கோட்டின் சாய்வுதான் ஒரு செல் ஒரு நொடிக்கு எத்தனை ஃபோட்டான் தருகிறது என்ற எண். இதை நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை உறைந்த செல்லை உருக்கும்போதும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். வெள்ளைத் தட்டு வேண்டாம், பக்கத்துக் குழியின் ஒளி வழிந்து வரும்.

எதிர்ப்பாற்றல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்மினிப் புரதமும் ஜெல்லிமீன் புரதமும் எலிக்கு அந்நியம். முடியற்ற நியூட் எலியிலோ என்எஸ்ஜி எலியிலோ எதிர்ப்பாற்றல் குறைவு என்பதால் இது பெரிய பிரச்சினை இல்லை. பால்ப்-சி போன்ற முழு எதிர்ப்பாற்றல் உள்ள எலியில் டி செல்கள் இந்தப் புரதங்களை அடையாளம் கண்டு கட்டியைத் தாக்கும். ஜிஎஃப்பியின் மேல் பால்ப்-சிக்கு நல்ல கோபம். நீங்கள் இம்யூனோதெரபி மருந்தைச் சோதிக்கிறீர்கள் என்றால், கட்டி சுருங்கியது மருந்தாலா, ஜிஎஃப்பியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதற்காகவே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், பிறவியிலிருந்தே பிட்யூட்டரி சுரப்பியில் மட்டும் லூசிஃபெரேஸும் ஜிஎஃப்பியும் உள்ள எலிகளை உருவாக்கினார்கள். 'ஒளிரும் தலை' எலி என்று அதற்குப் பெயர். பிறந்ததிலிருந்து பழகிய புரதம் என்பதால் அது எதிர்க்காது. அது கிடைக்காவிட்டால், ஒளிரும் செல் ஒரு தொகுதி, ஒளிராத மூலச் செல் ஒரு தொகுதி என்று இரண்டிலும் மருந்தைச் சோதித்துக் கட்டியின் அளவைக் காலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள்.

லூசிஃபெரின் ஊசி

ஆய்வுகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டி-லூசிஃபெரின் பொட்டாசியம் உப்பு அல்லது சோடியம் உப்பாக வாங்குங்கள். தண்ணீரில் எளிதாகக் கரையும். கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 15 மில்லிகிராம் என்று கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒளி படக் கூடாது, அலுமினியத் தாளில் சுற்றுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். ஒரு முழு ஆய்வுக்கு ஒரே லாட் எண்ணுள்ள பொடியை மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. பாதியில் லாட் மாறினால் எண்களும் கொஞ்சம் மாறும், அது கட்டியின் மாற்றமாகத் தோன்றும்.

அளவு கிலோவுக்கு 150 மில்லிகிராம். மேற்சொன்ன கரைசலில் உடல் எடை ஒரு கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் என்று வரும். 20 கிராம் எலிக்கு 200 மைக்ரோலிட்டர். எலியை அன்றன்றே எடை போடுங்கள். போன வார எடையை வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் வேண்டாம், மருந்து கொடுத்த எலி மெலிந்திருக்கும்.

வயிற்றறைக்குள் போடும் ஊசி. ஒரு கையால் கழுத்துத் தோலைப் பிடித்து எலியைத் திருப்பி, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்தால் குடல் மார்புப் பக்கம் விலகும். எலியின் வலப்புறக் கீழ்ப்பகுதியில் குத்துங்கள்; இடப்புறம் பெருங்குடல் முனையான சீக்கம் இருக்கிறது. சிரிஞ்சை லேசாகப் பின்னிழுத்துப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் செலுத்தலாம். மஞ்சளாக வந்தால் சிறுநீர்ப்பை, பச்சை கலந்த பழுப்பாக வந்தால் குடல். ஊசியை எடுத்துவிட்டுப் புதுச் சிரிஞ்சில் மறுபடி தொடங்குங்கள். எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும் சில ஊசி குடலுக்குள்ளோ தோலுக்கடியிலோ போய்விடும். அந்த எலியில் ஒளி திடீரென்று பத்தில் ஒரு பங்காகத் தெரியும். மருந்து வேலை செய்துவிட்டது என்று குதிக்காதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதித்திருந்தால் மறுநாள் அதே எலிக்குத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஊசி போட்ட பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் படம்? எல்லாரும் பத்து நிமிடம் என்பார்கள். அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். லூசிஃபெரின் வயிற்றறையிலிருந்து ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து கட்டிக்குப் போக வேண்டும். ஒளி மெல்ல ஏறி, கொஞ்ச நேரம் மட்டமாக நின்று, பிறகு இறங்கும். மட்டமாக நிற்கும் அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும். அது கட்டியின் இடத்தைப் பொறுத்தும் ரத்த ஓட்டத்தைப் பொறுத்தும் மாறும். ஆய்வின் தொடக்கத்தில் இரண்டு மூன்று எலிகளை வைத்து, ஊசி போட்டதிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் என்று அரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்து வரைபடம் போடுங்கள். தோலடிக் கட்டிகளில் உச்சம் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடத்துக்குள் வரும். கட்டி பெரிதான பிறகு இதே சோதனையை ஒரு முறை திரும்பச் செய்யுங்கள், வளைவு தள்ளிப்போயிருப்பதைப் பார்ப்பீர்கள். வாலின் ரத்தக் குழாயில் போட்டால் எல்லாம் மிக வேகமாக நடந்து முடிந்துவிடும்; ஐந்து எலியை வரிசையாக வைக்கும் வேலைக்கு அது ஒத்துவராது.

ஐந்து எலிக்கு ஊசி போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் போட்ட நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். கூண்டின் வரிசையை எல்லா வாரமும் ஒரே மாதிரி வைக்காமல் மாற்றி மாற்றி எடுங்கள். இல்லையென்றால் கட்டுப்பாட்டுத் தொகுதி எப்போதும் காலையிலும் மருந்துத் தொகுதி எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கை களைத்த நேரத்திலும் வரும்.

மயக்கம், முடி, சூடு

ஐசோஃப்ளூரேன் 3 சதவீதத்தில் மயக்கி, பெட்டிக்குள் 1.5 முதல் 2 சதவீதத்தில் வைத்திருங்கள். கண்ணில் களிம்பு தடவ மறக்க வேண்டாம். எலி மயக்கத்தில் இமைக்காது. வேடிக்கை என்னவென்றால், மயக்க மருந்துகள் லூசிஃபெரேஸ் நொதியையே கொஞ்சம் தடுக்கும். மயக்க மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராய 1980களில் இந்த நொதியைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஊசிக்குப் பிறகு எத்தனையாவது நிமிடத்தில் மயக்குகிறீர்கள், எந்தச் செறிவு என்பவற்றை ஆய்வு முழுதும் மாற்றாதீர்கள்.

மேடை 37 டிகிரியில் இருக்க வேண்டும். மயங்கிய எலி விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் ரத்த ஓட்டம் குறையும், நொதியும் மந்தமாகும், ஒளியின் நிறமும் மாறும்.

பால்ப்-சி வெள்ளை எலி, முடியை மழித்தால் போதும். சி57 கருப்பு எலியில் முடியை எடுத்த பிறகும் பிரச்சினை தீராது. முடி வளரும் பருவத்தில் தோலிலேயே கருமை திட்டுத் திட்டாக வரும், அந்தத் திட்டுக்கு அடியில் உள்ள ஒளி குறைவாகத் தெரியும். அடுத்த வாரம் திட்டு வேறிடம் நகர்ந்திருக்கும். முடிந்தால் அதன் வெள்ளை ரகத்தைப் பயன்படுத்துங்கள்.

கேமரா

அடியில் போடுவது கருப்புக் காகிதம். வெள்ளைக் காகிதமும் மாஸ்கிங் டேப்பும் மார்க்கர் மையும் அறை விளக்கின் ஒளியை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் கொஞ்ச நேரம் மினுங்கும். கதவை மூடியதும் சற்றுப் பொறுத்து எடுங்கள்.

உள்ளே இருக்கும் சிசிடி கேமரா மைனஸ் 90 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் 65,535 எண்ணிக்கையில் நிரம்பிவிடும், அதற்கு மேல் வரும் ஒளியெல்லாம் வீண். படத்தின் உச்ச எண்ணிக்கை 60,000க்குக் கீழேயும் 600க்கு மேலேயும் இருக்கும்படி படமெடுக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம் தேவைப்படும். நான்காவது வாரம் ஒரு நொடியிலேயே நிரம்பிவிடும். அளக்கும்போது 'கவுண்ட்ஸ்' என்ற அலகை வைக்காமல் ஃபோட்டான் அலகை, அதாவது ஒரு நொடிக்கு எத்தனை ஃபோட்டான் என்ற மொத்த ஒளியை எடுங்கள். அப்போதுதான் ஐந்து நிமிடப் படத்தையும் ஒரு நொடிப் படத்தையும் ஒரே வரைபடத்தில் வைக்க முடியும்.

வட்டம் போட்டு அளக்கிறீர்கள் அல்லவா, அந்த வட்டத்தின் அளவை முதல் நாள் முடிவு செய்து எல்லா எலிக்கும் எல்லா வாரமும் அதையே வையுங்கள். லூசிஃபெரின் போட்ட, கட்டியில்லாத ஒரு எலியை ஒவ்வொரு முறையும் கூடவே படுக்க வையுங்கள். அதன் எண்தான் உங்கள் பின்னணி.

4டி1இல் நுரையீரலைப் பார்ப்பது தனி வித்தை. மார்பகத் திட்டில் உள்ள மூலக் கட்டி அவ்வளவு பிரகாசமாக இருக்கும், பக்கத்தில் உள்ள சின்னப் புள்ளி அதன் வெளிச்சத்தில் மறைந்துவிடும். தடிமனான கருப்புத் துணியையோ கருப்புக் காகிதத்தை நாலாக மடித்தோ மூலக் கட்டியின் மேல் வைத்து ஓரங்களை அழுத்தி மூடி, நேரத்தைக் கூட்டி மார்பை மட்டும் எடுங்கள். ஓரத்தில் ஒளி கசிந்தால் மார்பில் புள்ளி இருப்பதுபோலத் தோன்றும். அதனால் எலியை லேசாகத் திருப்பி இன்னொரு படமும் எடுப்பது என் வழக்கம். மூலக் கட்டியை அறுவை செய்து அகற்றிவிட்டுப் பரவலைப் பின்தொடர்வது இதைவிடத் தெளிவான வழி, அனுமதியும் கைத்திறனும் இருந்தால்.

எண் எதைச் சொல்கிறது

"மேடம், காலிப்பர்ல கட்டி பெருசாகுது, ஒளி மட்டும் குறையுது. மெஷின்ல ஏதோ கோளாறு." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. மெக்கெல்ராயின் ஏடிபி இங்கேதான் வருகிறது. கட்டி வளர வளர நடுப்பகுதிக்கு ரத்தம் போகாது. ஆக்சிஜன் இல்லை, லூசிஃபெரினும் போய்ச் சேராது, செல்கள் செத்துப் புண்ணாகும். செத்த செல்லில் ஏடிபி இல்லை, ஒளியும் இல்லை. காலிப்பர் செத்ததையும் சேர்த்து அளக்கிறது, ஒளி உயிருள்ளதை மட்டும் சொல்கிறது. சிறிய கட்டியில் இரண்டும் கைகோத்துப் போகும், பெரிய கட்டியில் பிரிந்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒளியை நம்புங்கள், அதற்குப் பிறகு காலிப்பரையும் பக்கத்தில் வையுங்கள்.

மருந்துச் சோதனையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ரத்தக் குழாய்களைத் தாக்கும் மருந்து கொடுத்தால் லூசிஃபெரின் கட்டிக்குள் போவதே குறையும். செல் சாகாமலே ஒளி விழும். மறுபக்கம், லூசிஃபெரினைச் செல்லிலிருந்து வெளியே தள்ளும் ஏபிசிஜி2 என்ற பம்பைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் ஒளி கூடும். சில சேர்மங்கள் நொதியோடு நேராகவே ஒட்டும். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் மின்மினி லூசிஃபெரேஸைத் தடுக்கக்கூடியது. மூலிகைச் சாறு வைத்து வேலை செய்பவர்கள் நம் ஊரில் அதிகம் என்பதால் சொல்கிறேன்: உங்கள் மருந்தை லூசிஃபெரேஸ் உள்ள செல் சாற்றில் நேராக விட்டு, ஒளி மாறுகிறதா என்று ஒரு மதியம் செலவழித்துப் பாருங்கள். மாறினால் எலி வேலையைத் தொடங்கும் முன் வடிவமைப்பையே மாற்ற வேண்டும்.

ஆழம் இன்னொரு வில்லன். ஒரு சென்டிமீட்டர் திசுவைக் கடப்பதற்குள் சிவப்பொளியே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் தோலடியில் உள்ள புள்ளியையும் கல்லீரலின் அடியில் உள்ள புள்ளியையும் பிரகாசத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரே எலியில் ஒரே இடத்தை வாரத்துக்கு வாரம் ஒப்பிடுவதுதான் இந்த முறையின் பலம். கட்டுரையில் போடும் படத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தெரிவது மென்பொருள் பூசிய வண்ணம். எல்லா வாரத்துக்கும் ஒரே வண்ண அளவுகோலை வைத்துப் படத்தைப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு அளவுகோல் வைத்துப் போட்ட படத்தை நான் நம்புவதில்லை. வரைபடத்தின் செங்குத்து அச்சு லாக் அளவில் இருக்கட்டும்.

ஃப்ளோரசென்ஸில் எடுக்க வேண்டுமானால்

சில ஆய்வுக்கு லூசிஃபெரின் ஊசியே வேண்டாம் என்பார்கள், அல்லது இரண்டு வகைச் செல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது சிவப்புப் பக்கம் போங்கள். டிடிடொமேட்டோ 581 நானோமீட்டரில் ஒளிரும், தோலடிக் கட்டிக்குப் போதும். ஆழத்துக்கு ஐஆர்எஃப்பி713: 690 நானோமீட்டர் ஒளியை வாங்கி 713இல் தரும். பாக்டீரிய ஒளியுணர் புரதத்திலிருந்து உருவானது. அதற்குத் தேவையான பிலிவெர்டின் என்ற நிறமி எலியின் உடம்பிலேயே இருக்கிறது.

தீவனத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. சாதாரண எலித் தீவனத்தில் குதிரைமசால் இலை இருக்கும். அதன் பச்சையம் சிவப்பில் ஒளிர்ந்து வயிற்றுப் பகுதி முழுவதையும் விளக்குப் போட்டதுபோல் காட்டும். குதிரைமசால் இல்லாத தீவனத்தைப் படத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். சிந்திய தீவனத்தையும் எச்சத்தையும் ஆல்கஹாலால் துடைத்த பிறகு எலியைப் படுக்க வையுங்கள். முடி முழுதாகப் போக வேண்டும்.

செல் இல்லாத எலி ஒன்றையும் அதே ஒளியில் எடுத்து, பல அலைநீளங்களில் படமெடுத்து, மென்பொருளில் உடலின் சொந்த ஒளியைப் பிரித்து நீக்குங்கள். மருந்தே ஒளிரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும், ஜிஎஃப்பியோடு நேராகக் குழம்பும். டாக்சோரூபிசின் 590 நானோமீட்டர் அருகே ஒளிர்ந்து டிடிடொமேட்டோவோடு கலக்கும். மருந்து மட்டும் கொடுத்த, ஒளிரும் செல் இல்லாத எலி ஒரு தொகுதி வைத்தால் இது தெரிந்துவிடும்.

இன்னொரு வேறுபாடு. ஜிஎஃப்பி செல்லுக்குள் ஒரு நாளுக்கு மேல் சிதையாமல் இருக்கும், லூசிஃபெரேஸ் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். நேற்றுக் கொடுத்த மருந்தின் பலனை இன்று பார்க்க வேண்டுமென்றால் லூசிஃபெரேஸ்தான். ஜிஎஃப்பி முதிர்ந்து ஒளிரவே ஆக்சிஜன் வேண்டும், அமிலத்தன்மை கூடினால் மங்கும். கட்டியின் நடுப்பகுதி இரண்டிலும் மோசம். எம்செர்ரி அமிலத்தைத் தாங்கும்.

கடைசி நாள்

கடைசிப் படத்துக்கான லூசிஃபெரினைப் போட்டு, படமெடுத்த கையோடு எலியைக் கருணைக்கொலை செய்து, உறுப்புகளை வேகமாக எடுக்க வேண்டும். உயிர் போனதும் ஏடிபி குறையும், சில நிமிடங்களில் ஒளியும் குறைந்துகொண்டே போகும். இருவர் சேர்ந்து செய்யுங்கள், ஒருவர் அறுக்க, ஒருவர் பெட்ரித் தட்டில் வைத்துப் படமெடுக்க. தட்டில் மில்லிலிட்டருக்கு 300 மைக்ரோகிராம் லூசிஃபெரின் கலந்த பிபிஎஸ் விடுங்கள். எந்த உறுப்பு எந்த வரிசையில் என்பதை முன்பே தீர்மானித்து எல்லா எலிக்கும் அதையே பின்பற்றுங்கள். எனக்கு நுரையீரல் முதலில். உயிரோடு இருக்கும்போது தெரியாத புள்ளி நுரையீரலைத் தனியாக வைத்ததும் பளிச்சென்று தெரிவது சாதாரணம்.

அதன் பிறகு டிடிடொமேட்டோவின் முறை. உறுப்பைப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி உறைபனி வெட்டு எடுத்தால் ஃப்ளோரசென்ஸ் நிற்கும், மைக்ரோஸ்கோப்பில் செல் செல்லாகப் பார்க்கலாம். ஆல்கஹாலில் போட்டு மெழுகில் பதித்தால் பெரும்பாலும் அழிந்துவிடும், ஆன்டிபாடி போட்டுத்தான் தேட வேண்டிவரும். 4டி1க்கு இன்னொரு சரிபார்ப்பும் இருக்கிறது. அந்தச் செல் 6-தையோகுவானின் மருந்தைத் தாங்கும், எலியின் சொந்தச் செல்கள் தாங்காது. நுரையீரலின் ஒரு பாதியைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து அந்த மருந்துள்ள தட்டில் வளர்த்தால் வரும் ஒவ்வொரு காலனியும் பரவி வந்த ஒரு செல். அந்தக் காலனி எண்ணிக்கையையும் ஐவிஸ் எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கட்டுரையைப் பார்க்கும் ரெஃபரி கேட்கும் முன்பே.

கோப்புகளைச் சேமிக்கும்போது ஜேபெக் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இயந்திரம் உண்டாக்கும் முழு ஃபோல்டரையும் நகலெடுங்கள். மூல எண்கள் அதற்குள்தான் இருக்கின்றன. எலியின் காது எண், எடை, ஊசி நேரம், படமெடுத்த நேரம், லூசிஃபெரின் லாட், எடுத்தவர் பெயர் எல்லாம் அதே ஃபோல்டரில் ஒரு எக்செல் தாளில் இருக்கட்டும். போகும்போது மூக்குக் குழாய்களைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு, ஐசோஃப்ளூரேன் கரி வடிகட்டியின் எடையைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.